குட்டி விமானத்துக்கு வண்ணமும் வேண்டும், அழுக்கும் வேண்டும்!

வீட்டில் ஒரு சாமான் பழசாகிப் போனால் புளி போட்டுத் தேய்த்துப் புதுசாக்குவதுதான் நம் பெண்கள் வழக்கம். புத்தம் புதுசாகச் செய்த ஒன்றை மெனக்கெட்டுப் பழசாக்கி, இங்கே கொஞ்சம் எண்ணெய்க் கசிவு, அங்கே கொஞ்சம் புகைக் கறை என்று பூசி, தள்ளி நின்று ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? உலகம் பூராவும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் குட்டிப் போர் விமானம் செய்து, அதற்கு வண்ணம் தீட்டி, வெயிலும் மழையும் பட்ட மாதிரி ஆக்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அதிலும் இரண்டாம் உலக யுத்தத்து ஜெர்மன் விமானங்கள் என்றால் அவர்களுக்கு உயிர்.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொலுப் பொம்மைக்கு வருஷா வருஷம் வண்ணம் தொட்டு வைக்கிற கை நம் கை. இந்த வேலைக்கு வேண்டிய பொறுமையும் நுணுக்கமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. என் அக்கா பிள்ளை திருச்சியில் காலேஜில் படிக்கிறான். லீவுக்கு இங்கே திருவெள்ளறைக்கு வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவனுக்கு விமானத் தொழிற்சாலை. அவனுக்குக் கூடமாட உதவி செய்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எது அந்த விமானம்?

ஜெர்மன் போர் விமானங்களில் பேர் போனவை இரண்டு. ஒன்று மெஸ்ஸர்ஷ்மிட் 109. இது 1935-ல் முதன்முதலாகப் பறந்தது. முப்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இன்னொன்று ஃபோக்க-உல்ஃப் 190. இது பறந்தது 1939 ஜூன் மாதம். நிஜ விமானத்தின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுமார் பத்தரை மீட்டர். மாடல் பெட்டியின் மேல் 'எழுபத்திரண்டில் ஒன்று' என்று போட்டிருந்தால், நிஜத்தை 72-ஆல் வகுத்த அளவு என்று அர்த்தம். அப்படியானால் இறக்கை பதினாலரை செ.மீ. வரும், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். 'நாற்பத்தெட்டில் ஒன்று' என்றால் சுமார் 22 செ.மீ. முதன்முதலாகச் செய்கிற பிள்ளைகளுக்குச் சின்ன அளவே போதும், விலையும் குறைவு.

நம் மதராஸ் சம்பந்தம்

இந்த விமானத்தை எதிர்த்துப் பறந்த பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் 234-ஆம் பிரிவுக்கும் 264-ஆம் பிரிவுக்கும் 'மதராஸ் பிரசிடென்ஸி' என்று பெயர். நம் மாகாணத்தில் திரட்டிய போர் நிதியை ஒட்டி வைத்த பெயர் அது. அப்போது திருச்சியும் அந்த மாகாணத்தில்தானே இருந்தது! நம் தாத்தா காலத்துக் காசும் அந்த ஆகாயச் சண்டையில் கலந்திருக்கிறது.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. ஃபோக்க-உல்ஃப் 190-ஐ வடிவமைத்த கர்ட் டாங்க் என்ற ஜெர்மன் எஞ்சினீயர், யுத்தம் முடிந்ததும் முதலில் அர்ஜென்டினாவுக்குப் போனார். அப்புறம் 1956-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் நம் எஞ்சினீயர்களோடு சேர்ந்து 'மாருத்' என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார். அனுமார் தகப்பனாரான வாயுவின் பெயர்! 1961 ஜூனில் அதை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம் அதுதான். மொத்தம் 147 செய்தார்கள். 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் பக்கம் அது பறந்தது. இன்றைக்குப் பெங்களூர் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும், பம்பாய் நேரு அறிவியல் மையத்திலும், ஜெர்மனியில் மியூனிக் பக்கத்து அருங்காட்சியகத்திலும் அதைப் பார்க்கலாம்.

விமானம் என்றால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று நினைக்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார் ஒரு ராமேஸ்வரத்துப் பையன். அங்கே பார்வைக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைக் கண்டு மயங்கித்தான் விமானப் படிப்பை எடுத்துக்கொண்டார். படிப்புக்குப் பணம் கட்ட, அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தப் பையன்தான் அப்துல் கலாம். விமானத்தைப் பார்த்து ஒரு பிள்ளை மயங்குவதில் தப்பே இல்லை.

வண்ணம் தீட்டும் முறை

முதல் வேலை குளிப்பாட்டுவது. துண்டுகளைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அச்சிலிருந்து ஒட்டாமல் எடுப்பதற்காகப் போட்ட எண்ணெய் மேலேயே இருக்கும். அது போகாவிட்டால் வண்ணம் ஒட்டாது, தோலாக உரிந்துவிடும். அலசியதை நிழலில்தான் காய வைக்க வேண்டும். திருச்சி வெயிலில் வைத்தால் மெல்லிசு இறக்கை வளைந்துவிடும்.

ஒட்டி முடித்த பின் சாம்பல் நிற பிரைமர் ஒரு கை. நாம் கோலத்துக்கு முன் சாணி தெளித்து மெழுகுகிற மாதிரி இது. அடித்தளம் சரியாக இருந்தால் மேலே போடுவது நிற்கும். ஒட்டின இடத்தில் இடைவெளி இருந்தால் அதுவும் இந்தச் சாம்பல் நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்ணத்தை நேராக டப்பாவிலிருந்து எடுத்து அப்பக்கூடாது. பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று தரம். ஒரு தரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. முதலில் வெளிர் நிறம், அப்புறம் அடர் நிறம். ஜெர்மன் விமானத்துக்கு வயிற்றுப் பக்கம் வெளிர் நீலம். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு ஆகாயத்தோடு கலந்துவிடும். முதுகுப் பக்கம் பச்சை கலந்த சாம்பலும், ஊதா கலந்த சாம்பலும்; மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தரையோடு கலந்துவிடும். பாலைவனத்துக்குப் போன விமானத்துக்கு மணல் மஞ்சள். ரஷ்யப் பனிக்குப் போனதுக்கு மேலே கழுவினால் போகிற வெள்ளை. அந்த வெள்ளை திட்டுத் திட்டாகத் தேய்ந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தால் சுண்ணாம்பு உதிர்ந்த பழைய சுவர்தான் நினைவுக்கு வரும்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். நிஜ வண்ணத்தையே சின்ன மாடலில் போட்டால் கறுத்துப் போன மாதிரி இருக்கும். துளி வெள்ளை கலக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கரும்பழுப்பாக இருக்கிற மலைக்கோட்டை, தூரத்திலிருந்து பார்க்கும்போது வெளிறித் தெரிகிறதல்லவா, அதே கணக்குதான்.

பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகச் சாம்பல் தெளித்த மாதிரி இருக்கும். அதற்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு கிள்ளு போதும். வண்ணத்தில் தொட்டு, பழைய பேப்பரில் நாலைந்து தரம் ஒற்றிவிட்டு, மீதி இருப்பதை மட்டும் விமானத்தில் ஒற்ற வேண்டும்.

அழுக்காக்கும் கலை

இங்கேதான் நம் அடுக்களை அனுபவம் கைகொடுக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்போம். எத்தனை தேய்த்தாலும் அந்த எழுத்தின் பள்ளத்தில் கறுப்பாக அழுக்கு தங்கி, பெயர் எடுப்பாகத் தெரியும். விமானத் தகடுகள் சேருகிற கோடுகளையும் அப்படித்தான் எடுப்பாக்க வேண்டும். முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு கை. காய்ந்ததும் கரும்பழுப்பு ஆயில் வண்ணத்தைத் தண்ணியாகக் கரைத்துக் கோட்டில் தொட்டால், அதுவே ஓடிப் பள்ளத்தில் உட்காரும். வழிந்ததைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம். துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால் இழுக்க வேண்டும், காற்று போகிற திசை அதுதானே.

அடுத்தது வண்ணம் உதிர்ந்த இடம். வெள்ளி வண்ணத்தை ஸ்பாஞ்ச் துண்டால் அங்கங்கே ஒற்றலாம். எங்கே ஒற்றுவது? விமானி இடது பக்கமாக ஏறுவான். அங்கே இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் பூட்ஸ் பட்டுத் தேயும். மெக்கானிக் அடிக்கடி திறக்கிற மூடிகளின் ஓரம் தேயும். இறக்கை முழுக்கச் சகட்டுமேனிக்குப் போட்டால் அம்மை போட்டின மாதிரி ஆகிவிடும்.

பெரிய தவறு எது தெரியுமா? துரு! அந்த விமானங்களின் மேல்தோல் பெரும்பாலும் அலுமினியம். நம் வீட்டு அலுமினியக் குண்டானில் எங்கேயாவது சிவப்புத் துரு பார்த்திருக்கிறோமா? மங்கும், வெளுக்கும், சிவக்காது. மேலும் சண்டையில் பல விமானங்களின் ஆயுசே சில மாதம்தான். துருப்பிடிக்க நேரம் ஏது?

எஞ்சின் புகை போகிற குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கறை வரும். சித்திரம் வரைகிற கரிக்குச்சியைத் தேய்த்துப் பொடியாக்கி, மெத்தென்ற பிரஷால் பின்னோக்கித் தடவினால் போதும். கண்மையை எடுக்காதீர்கள், அதில் எண்ணெய் இருப்பதால் திட்டாக நிற்கும். இதற்கு மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். கோயில் விளக்கு மாடத்தைப் பாருங்கள். சுடருக்கு நேர் மேலே கறுப்பு, போகப் போகப் பழுப்பு, கடைசியில் ஒன்றுமில்லை. பிரகாரத்துத் தூணில் கை படுகிற உயரத்தில் மட்டும் வழவழப்பு. மழைத் தண்ணீர் வழிகிற சுவரில் நெட்டுக்குத்தாகக் கோடு. பழமை என்பது கண்ட இடத்தில் வருவதில்லை. கை பட்ட இடம், கால் பட்ட இடம், புகை பட்ட இடம் என்று காரணத்தோடுதான் வரும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை பாதி வித்தை கற்றுக்கொண்ட மாதிரி.

கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து அடங்கும்.

வாலில் இருந்த அடையாளம்

விமானம் முடிந்து, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற அடையாளங்கள் ஒட்டும் நாள் வந்தது. பெட்டியில் கொடுத்திருந்த படத்தில் வாலில் எதுவும் இல்லை. ஆனால் பழைய போட்டோக்களில் வாலில் ஸ்வஸ்திகம் இருக்கிறது. ஜெர்மனியில் அந்த நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். சரித்திரம், கல்வி, கலை போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் மாடல் பெட்டிகளில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். பையன், "நிஜத்தில் இருந்ததுதானே சித்தி, நானே வரைஞ்சுடறேன்" என்றான்.

என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்வஸ்திகம்தானே, வரையட்டுமே, நல்லதுதானே. வரைஞ்சதும் ஒரு குங்குமம் வை" என்றார்.

அவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. எங்கள் ஊரில் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு அருகிலேயே ஸ்வஸ்திக வடிவத்தில் ஒரு கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படி இறங்கும். நாலுமூலைக் கேணி என்போம். ஒரு படித்துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் குளிப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். பல்லவ ராஜா தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 வருஷத்துக்கு முன், கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. கல்வெட்டில் மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். உலகத்தில் எதுவும் நிலையில்லை, இருக்கும்போதே நல்லது செய் என்ற கருத்தில் ஒரு பாட்டும் அங்கே வெட்டியிருக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவர் தேர்ந்தெடுத்த வடிவம் அது. வாசல்படியிலும் கணக்குப் புத்தகத்திலும் நாம் வரைகிற மங்கலச் சின்னம்.

ஹிட்லர் கட்சி 1920-ல் அதே வடிவத்தை எடுத்துச் சாய்த்து வைத்துக்கொண்டது. அந்தச் சின்னத்தின் கீழ் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும்கூட விடவில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். யுத்தத்தின் பின்பகுதியில் மெஸ்ஸர்ஷ்மிட் விமான பாகங்கள் பலவற்றைச் செய்தவர்கள் ஃப்ளாஸன்பூர்க், குஸன் முகாம்களின் கைதிகள். அரை வயிற்றுக் கஞ்சியோடு, அடியும் உதையும் வாங்கிக்கொண்டு செய்தார்கள். பலர் அங்கேயே மாண்டார்கள். நாம் ரசித்துப் பூசுகிற அந்தத் தகடுகளின் பின்னால் இத்தனை கண்ணீர் இருக்கிறது.

இதை எல்லாம் பையனே பாட்டிக்கு மெதுவாக எடுத்துச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கிணத்து மேல பழி வரக்கூடாதுடா. விமானத்துல அது வேண்டாம்" என்றார்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அருங்காட்சியகத்தில் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். மறைத்தால் சரித்திரமே மறந்துபோகும். ஆனால் கொலுவில் வைக்கிற விமானத்தைப் பார்க்க வருகிறவர்கள் பாட்டியைப் போல மங்கலச் சின்னம் என்றே நினைப்பார்கள், சின்னப் பிள்ளைகள் அதை வீரச் சின்னம் என்று நினைப்பார்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல எப்போதும் ஆள் இருக்குமா? வாலை வெறுமையாக விட்டோம். கீழே ஒரு அட்டையில் விமானத்தின் பெயர், வருஷம், யார் செய்தார்கள், யார் செத்தார்கள் என்று நாலு வரி பையன் எழுதி வைத்தான். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்க வைத்ததே போதும்.

அம்மாக்கள் கவனிக்க வேண்டியது

* தின்னர், டர்பன்டைன் வாசனை மூடிய அறையில் தலைவலி, மயக்கம் கொடுக்கும். திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ செய்யச் சொல்லுங்கள். துணி முகமூடி தூசியைக் கொஞ்சம் தடுக்கும்; ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகள் தள்ளியே இருக்கட்டும்.

* அடுப்படி, சுவாமி விளக்கு பக்கத்தில் கூடவே கூடாது. தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். வண்ணம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல், வெளியே விரித்துக் காய வைத்த பிறகு போடுங்கள்.

* தின்னரைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* பிரஷ் நுனியைக் கூராக்க வாயில் வைப்பது பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற பலருக்கும் உள்ள பழக்கம். விட்டுவிட வேண்டும். சில வண்ணங்களில் விஷ உலோகங்கள் உண்டு.

* உப்புத்தாள் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

* உடனடிப் பசை விரலில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்கலாம். கண்ணில் பட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

* இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்தித் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது. வெளிச்சம் இடது கைப் பக்கமிருந்து வரட்டும். இடது கைக்காரப் பிள்ளைக்கு வலப்பக்கம்.

* தவழும் குழந்தை இருக்கிற வீட்டில், முடித்ததும் தரையைப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். சக்கரம் மிளகு அளவுதான் இருக்கும், வாயில் போட்டுக்கொண்டால் வம்பு.

இப்போது பையன் மாருத் செய்யப் பார்க்கிறான். அதற்குப் பெட்டி கிடைப்பது அரிது என்பதால் அட்டையில் வெட்டித்தான் செய்ய வேண்டுமாம். வாலில் நம் மூவர்ணம். வண்ணம் கலக்கும் வேலை எனக்கு. குங்குமம் வைக்கும் வேலை பாட்டிக்கு.